வீட்டு மின் வயரிங்

வீட்டு மின் வயரிங் அல்லது வீட்டு மின்கம்பியிடல் என்பது, மின்வாரியத்தின் இணைப்பு வந்து சேரும் இடத்திலிருந்து விளக்கு, மின்விசிறி, பிளக் பாயின்ட் ஆகிய கடைசி முனைகள் வரை மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்லும் கம்பிகள், குழாய்கள், சுவிட்சுகள், காப்புக் கருவிகள் ஆகியவற்றின் முழு அமைப்பாகும். சிறு கடைகள், மருந்தகங்கள், தையலகங்கள் போன்றவற்றின் வயரிங்கும் பெரும்பாலும் இதே முறையில்தான் அமைகிறது. இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், நடைமுறையில் உள்ள வயரிங்கின் அடிப்படைகளை விளக்குகிறது.

விளக்கு எரிவதை மட்டும் வைத்து வயரிங் சரியாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் விளக்கு எரியும். எர்த் கம்பி எதனோடும் சேராமல் சுவருக்குள் தொங்கிக்கொண்டிருந்தாலும் எரியும். இத்தகைய பிழைகள் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, ஈரக் கையோடு யாராவது ஒருவர் தொடும் நாளில்தான் வெளிப்படுகின்றன. ஆகவே வயரிங் கற்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு கம்பியும் எதற்காக அங்கே இருக்கிறது என்பதையே.

மூன்று கம்பிகள்

இந்தியாவில் வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மும்முனை இணைப்பில் ஏதேனும் இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். பேஸ் கம்பி மின்சாரத்தைக் கொண்டு வருகிறது. கருவியின் வழியாகச் சென்ற மின்சாரம் நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. நியூட்ரல், தெருவில் உள்ள மின்மாற்றியின் அருகே மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால் சாதாரண நிலையில் அதில் அழுத்தம் ஏறக்குறைய இருக்காது. மூன்றாவதான எர்த் கம்பியில் சாதாரணமாக மின்சாரமே ஓடாது. கருவியின் உலோக உடம்பில் மின்கசிவு ஏற்பட்டால் அதை மண்ணுக்குக் கொண்டு செல்வது மட்டுமே அதன் வேலை.

மும்முனையில் பேஸ் கம்பிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சை அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சையும் வழக்கம். ஒருமுனை வீடுகளில் சிவப்பும் கறுப்பும் பச்சையும் போதும். வேலை நடக்கும்போது கறுப்புக் கம்பி தீர்ந்துவிட்டது என்று பச்சையை நியூட்ரலாக இழுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பத்தாண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது எர்த் போலத்தான் தெரியும்.

மூன்று துளை பிளக் பாயின்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பிளக்கின் எர்த் முள் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விடுபட வேண்டும். அந்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள்ளோடு செருகுவது, அந்தக் கருவியின் உடம்பை மண்ணிலிருந்து துண்டித்து வைப்பதாகும்.

கம்பத்திலிருந்து டி.பி. வரை

தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மீட்டருக்கு வந்து, அங்கிருந்து மெயின் சுவிட்ச் வழியாகப் பகிர்மானப் பெட்டியை அடைகிறது. இதை எல்லோரும் டி.பி. என்றே சொல்வர். தமிழ்நாட்டில் மின்சுமை 4 கிலோவாட் வரை ஒருமுனை இணைப்பும் அதற்கு மேல் மும்முனை இணைப்பும் வழங்கப்படுகின்றன. சர்வீஸ் வயரைத் தாங்குவதற்காகக் கம்பத்திலிருந்து வீடு வரை ஓர் இரும்புக் கம்பி கட்டப்பட்டிருக்கும். அதிலோ, அது வந்து சேரும் இரும்புக் குழாயிலோ துணி காயப் போடும் கொடியைக் கட்டக் கூடாது. வெயிலில் வெடித்த சர்வீஸ் வயர் மழையில் நனையும்போது அந்த இரும்பு முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் கொடிக் கம்பியில் நடக்கும் விபத்துகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

டி.பி.யிலிருந்து வீடு பல சுற்றுகளாகப் பிரிகிறது. விளக்கு, மின்விசிறி, 6 ஆம்பியர் பாயின்ட் ஆகியவை அடங்கிய ஒரு சுற்றில் 10 முனைகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ சேர்க்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதிகளில் நெடுங்காலமாக உள்ள அளவு. 16 ஆம்பியர் பவர் பாயின்டுகள் ஒரு சுற்றுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. ஏ.சி., கீசர், நீர் மோட்டார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று நல்லது. ஒரு சுற்றில் பழுது வந்தால் வீடு முழுவதும் இருளாமல் இருப்பது இதன் உடனடிப் பயன். அதைவிட முக்கியமான பயன், ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவது.

கம்பியின் பருமன்

கம்பியின் பருமனைச் சதுர மில்லிமீட்டரில் குறிப்பர். விளக்கு, மின்விசிறிச் சுற்றுகளுக்கு 1.5, பவர் பாயின்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4, மீட்டரிலிருந்து டி.பி. வரையிலான மெயினுக்கு 6 அல்லது அதற்கு மேல் என்பது செம்புக் கம்பிக்குப் பொதுவான வழக்கம். வயதான மின்பணியாளர்கள் இன்றும் மூன்று இருபது, ஏழு இருபது என்று கேட்டு வாங்குவதைக் கடைகளில் காணலாம். 3/20 என்றால் 20-ஆம் கேஜ் இழைகள் மூன்று சேர்ந்த கம்பி என்று பொருள். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பிகளும் உண்டு. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும் இயல்புடையது. அதைச் செம்புக் கம்பியோடு நேரடியாக முறுக்கினால் இணையும் இடம் அரித்துச் சூடாகும்.

எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதைக் கணக்கிடுவது எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் எடுக்கும். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். பக்கெட்டில் வைத்து நீர் சூடாக்கும் 1500 வாட் ராடு எடுப்பது 6.5 ஆம்பியர். அதாவது சாதாரண 6 ஆம்பியர் பாயின்டின் எல்லையை அது தனியாகவே தாண்டிவிடுகிறது. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் 10.9 ஆம்பியர் ஆகிறது. பாக்ஸின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவது இப்படித்தான்.

சுமையைப் போலவே தூரமும் கணக்கில் வர வேண்டும். வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தோட்டத்துக் கிணற்றில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருப்பதாகக் கொள்வோம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். போக 60 மீட்டர், வர 60 மீட்டர் என்று 120 மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை ஓம் வரும். மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் எடுத்தால் கம்பியிலேயே 9 வோல்ட் இழப்பாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். 30 ஆம்பியருக்கு இழப்பு 45 வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது 185 வோல்ட் மட்டுமே. அது முக்கி முனகிக் கிளம்பும், அல்லது கிளம்பாமலே சூடேறும். 4 சதுர மி.மீ. கம்பி போட்டிருந்தால் அந்தக் கணத்து இழப்பு 17 வோல்ட் அளவில் நின்றிருக்கும். மோட்டார் காயில் அடிக்கடி எரிகிறது என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் கம்பியின் நீளத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

பியூஸும் எம்.சி.பி.யும்

கம்பி தாங்கக்கூடிய அளவைவிட அதிக மின்சாரம் ஓடினால் அதைத் துண்டிக்க ஒரு காவல் வேண்டும். பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டை இந்த வேலையைச் செய்தது. சுமை மிகும்போது அதிலுள்ள மெல்லிய கம்பி உருகி மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன் குறை கருவியில் இல்லை, கட்டுபவர் கையில் இருந்தது. பியூஸ் கம்பி கைவசம் இல்லாதபோது வயரிலிருந்து நான்கைந்து செம்பு இழைகளை உருவிக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு உருக வேண்டியது பியூஸாக இல்லாமல் சுவருக்குள் இருக்கும் கம்பியாக மாறிவிடும்.

இன்று அந்த இடத்தில் எம்.சி.பி. வந்துள்ளது. இதனுள் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. சுமை சிறிதளவு மிகும்போது ஓர் ஈருலோகப் பட்டை சூடாகி மெல்ல வளைந்து சுவிட்சை விழச் செய்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது ஒரு மின்காந்தம் கண நேரத்தில் அதைத் தட்டிவிடுகிறது. பி வகை எம்.சி.பி. அதன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு மின்சாரத்திலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாக விழும். கிளம்பும்போது அதிகம் இழுக்கும் மோட்டார், ஏ.சி. போன்றவற்றுக்குச் சி வகை பொருந்தும்.

எம்.சி.பி.யின் அளவு கம்பியைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட வேண்டும், கருவியைப் பார்த்து அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் போட்டால், விழுவது நின்றுவிடும், 2.5 சதுர மி.மீ. கம்பி வேகத் தொடங்கும். பியூஸில் செம்பு இழை கட்டியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எம்.சி.பி. விழுந்தால் காரணம் தேடுவதே சரியான வழி.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

வயரிங்கில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இது. எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, மனிதரைக் காப்பதில்லை. 6 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு 6 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடினாலே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் இதயத் துடிப்பு குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஈரமான உடலின் மின்தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 230 மில்லி ஆம்பியர். இது ஒரு சிறிய விளக்குக்குப் போகும் மின்சாரத்தின் அளவுதான். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை ஒருவர் மின்சாரம் பட்டுத் துடிப்பதும் ஒரு விளக்கு எரிவதும் ஒன்றே.

எர்த் இருந்தால் போதும் என்ற எண்ணமும் முழுமையானதன்று. பெரும்பாலான வீடுகளில் எர்த், வீட்டின் அருகே மண்ணில் புதைக்கப்பட்ட ஒரு குழாயோ தகடோதான். குழாய் எர்த்தாக இருந்தால் குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள, ஏறக்குறைய 40 மி.மீ. விட்டமுள்ள நாக முலாம் பூசிய இரும்புக் குழாயைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி நிரப்புவர். தகடாக இருந்தால் 60 சென்டிமீட்டர் சதுரத் தகடு. மண்ணில் ஈரம் இருக்கும்வரை இது நன்றாக வேலை செய்யும். கோடையில் மண் காயும்போது தடை பல மடங்கு ஏறும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

இப்போது பிரிட்ஜின் உள்ளே பேஸ் கம்பி உரிந்து உலோக உடம்பில் பட்டுவிட்டது என்று கொள்வோம். மின்சாரம் எர்த் கம்பி வழியாக வீட்டு மண்ணில் இறங்கி, மின்மாற்றியின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். வீட்டு எர்த்தின் தடை 18 ஓம், மின்மாற்றியின் எர்த் தடை 2 ஓம் என்றால் மொத்தம் 20 ஓம். ஓடுவது 11.5 ஆம்பியர். அந்தச் சுற்றில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரணச் சுமை என்றே கருதும், விழாது. பிரிட்ஜின் உடம்பில் 207 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் உள்ள வீட்டிலும் ஷாக் அடித்து உயிரிழப்பு நேர்வது எப்படி என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே விடை.

இந்த இடைவெளியை நிரப்புவது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். இது பேஸில் போன மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரத்தையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் பேசாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அந்த மின்சாரம் வேறு ஏதோ வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். நொடியின் மூன்றில் ஒரு பங்கிற்குள் துண்டித்துவிடும். மேலே சொன்ன பிரிட்ஜில், யாரும் தொடும் முன்பே அது விழுந்திருக்கும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையையே போட வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தடுப்பதற்கானவை; மனிதருக்குப் போதாதவை.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லைகள் உண்டு. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நின்றுகொண்டு ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், அது விழாது. சுமை மிகுவதையும் அது கவனிக்காது. ஆகவே எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆர்.சி.பி.ஓ. என்ற கருவியும் கிடைக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் டி என்று எழுதிய சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத கருவி பழுதானது, மாற்றப்பட வேண்டியது. காரணமில்லாமல் விழுந்து தொல்லை தருகிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடும் வீடுகள் உண்டு. அப்படி விழுவதற்குப் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கருவியில் உண்மையான கசிவோ, ஒரு சுற்றின் நியூட்ரல் மற்றொரு சுற்றின் நியூட்ரலோடு கலந்திருப்பதோ காரணமாக இருக்கும்.

எர்த் இல்லாத பழைய வீடுகளில், பிளக் பாயின்டின் உள்ளே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடும் தந்திரம் ஒன்று உண்டு. அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. நியூட்ரல் எங்காவது அறுந்தால், அந்தப் பாயின்டில் செருகிய வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

சுவிட்ச் ஏன் பேஸில்

சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் வர வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே காத்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று பல்பு மாற்றுபவர் தொட்டால் ஷாக் அடிக்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுக்கினால் சுவிட்ச் நியூட்ரலில் உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. பேஸில் சரியாக இருந்தும் மினுக்கினால், நீண்ட தூரம் அருகருகே ஓடும் கம்பிகளுக்கு இடையே ஊடுருவும் சிறு மின்சாரம் காரணமாகலாம், அது ஆபத்தற்றது.

மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைக்கும் இருவழிச் சுவிட்ச் இணைப்பு, பயிற்சி மாணவர்களின் முதல் சவால். ஒவ்வொரு இருவழிச் சுவிட்சிலும் நடுவில் ஒரு பொது முனையும், இரண்டு பக்க முனைகளும் இருக்கும். பேஸ் கீழ்ச் சுவிட்சின் பொது முனைக்கு வரும். இரண்டு சுவிட்சுகளின் பக்க முனைகளை இரண்டு கம்பிகள் இணைக்கும். மேல்ச் சுவிட்சின் பொது முனையிலிருந்து கம்பி விளக்குக்குப் போகும். இரண்டு சுவிட்சுகளும் ஒரே கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது விளக்கு எரியும், வெவ்வேறு கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது அணையும். தாளில் வரைந்து விரலால் வழியைத் தொடர்ந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

குழாய்களும் இணைப்புகளும்

மரச் சட்டத்தில் கிளிப் அடித்துக் கம்பி ஓட்டும் பேட்டன் வயரிங், மரக் கேசிங் வயரிங் ஆகியவை மறைந்து, இன்று பி.வி.சி. குழாயைச் சுவருக்குள் புதைப்பதே பெருவழக்கு. கூரைக் கான்கிரீட் போடும் முன்பே, கம்பி கட்டிய பிறகு, மின்விசிறிப் பெட்டிகளும் குழாய்களும் அதில் கட்டப்பட வேண்டும். கான்கிரீட் ஊற்றும் நாளில் மின்பணியாளர் உடனிருப்பது நல்லது. மிதிபட்டு நசுங்கிய ஒரு குழாய், பிறகு கூரையை உடைத்தால்தான் சரியாகும். சுவரில் காடி வெட்டும்போது நேராக மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும். குறுக்கே சாய்வாகப் போகும் குழாயில், நாளை படம் மாட்ட ஆணி அடிப்பவர் கம்பியைத் துளைப்பார். குழாயின் உள்ளிடத்தில் பாதிக்கும் குறைவாகவே கம்பிகளை நிரப்புவது நல்லது. இல்லாவிட்டால் சூடு வெளியேறாது, கம்பி இழுக்கும்போது மேலுறையும் கிழியும்.

குழாய்க்குள் கம்பிகளை ஒட்டுப்போடக் கூடாது. பேஸைச் சுவிட்ச் பெட்டியிலும் நியூட்ரலை விளக்கு முனையிலும் வளைத்து எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டு போவதே முறை. தளர்ந்த இணைப்பு எவ்வளவு தீங்கானது என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு பிளக் பாயின்டின் திருகு சரியாக இறுகாமல் அரை ஓம் தடை உண்டாகி, அதில் 10 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் பிறக்கும். இரண்டு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதற்கு இது சமம். ஓடும் மின்சாரம் கூடவில்லை என்பதால் எம்.சி.பி. விழாது, மண்ணுக்குப் போகவில்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. இதைக் கண்டுபிடிப்பது மூக்கும் கையும்தான். சுவிட்ச் பெட்டியருகே மீன் வாடை போன்ற பிளாஸ்டிக் நாற்றம் வந்தாலோ, பிளக்கைப் பிடுங்கும்போது முள் சுட்டாலோ, அந்தப் பாயின்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

சிறு கடைகளில்

கடை வயரிங் வீட்டு வயரிங்கிலிருந்து வேறுபடுவது சுமை ஓடும் நேரத்தில். வீட்டில் கீசர் பதினைந்து நிமிடம் ஓடும். ஜெராக்ஸ் கடையில் ஏ.சி.யும் இயந்திரமும் நாள் முழுவதும் ஓடும். ஆகவே கம்பிக்கு ஆற இடைவேளை கிடைப்பதில்லை. ஒரு படி பெரிய கம்பி போடுவது சரி.

மும்முனை இணைப்பில் சுமையை மூன்று பேஸ்களுக்கும் கூடியவரை சமமாகப் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1700 வாட் ஏ.சி. ஒரு பேஸிலும், 1500 வாட் ஜெராக்ஸ் இயந்திரம் மற்றொன்றிலும், கணினிகள், விளக்குகள், பெயர்ப் பலகை ஆகியவை மூன்றாவதிலும் இருக்கலாம். இப்படிப் பிரித்த கடையில் நியூட்ரல் அறுந்தால் விளைவு விபரீதமானது. ஒவ்வொரு பேஸின் கருவிகளும் 230 வோல்ட்டுக்குப் பதிலாக, சுமைக்கு ஏற்ப 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை குறைந்த பேஸில் அழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேல் போகும். விளக்குகள் திடீரென்று பளீரென எரிந்து ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தால், உடனே மெயினை நிறுத்த வேண்டும். கணினி, எல்.இ.டி. போன்ற மின்னணுக் கருவிகள் மிகுந்த இடத்தில், பேஸ்கள் சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கணிசமான மின்சாரம் ஓடும். ஆகவே நியூட்ரல் கம்பியைப் பேஸை விட மெல்லியதாகப் போட்டுச் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இன்வெர்ட்டர் உள்ள கடையிலும் வீட்டிலும் ஒரு தனி எச்சரிக்கை தேவை. மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். மெயின் போன உடனே அது தானாகவே தரத் தொடங்கும். மெயின் ஆஃப் என்று நம்பிக் கை வைத்து அடிபட்டவர்களில் அனுபவம் மிக்கவர்களும் உண்டு. இன்வெர்ட்டர் சுற்றுகளை டி.பி.யிலேயே பெயர் எழுதி ஒட்டுவது ஐந்து நிமிட வேலை.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

நியான் டெஸ்டர் எரிந்தால் பேஸ் உள்ளது என்று அறியலாம். எரியாவிட்டால் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. உள்ளே உள்ள மின்தடை வழியாகத் தொடுபவரின் உடலூடே மிகச் சிறிய மின்சாரம் போவதால்தான் அது எரிகிறது. உலர்ந்த மரப்பலகையில் நின்றால் மங்கலாகவே எரியலாம். பட்டப்பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வேலை தொடங்கும் முன் தெரிந்த ஒரு பேஸில் டெஸ்டரைச் சோதித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பிளக் பாயின்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தக் கருவியும் ஓடவில்லை என்றால் பலர் குழம்புவர். இரண்டு பேஸ் வந்துவிட்டது என்பர். ஒருமுனை வீட்டில் அதற்கு வழியில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்துள்ளது என்பதே உண்மை. போட்டு வைத்துள்ள ஏதோ ஒரு விளக்கின் வழியாகப் பேஸ் நியூட்ரல் கம்பிக்குள் புகுந்து, திரும்ப வழியில்லாமல் அங்கே நிற்கிறது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தால் ஒரு துளையில் மட்டும் எரியும். ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு கம்பி இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப் இங்கே கூடுதல் உதவி. அது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உண்மையான சுமையாக எரிவதால் பொய் சொல்லாது.

இணைப்புக்கு முன் சோதனை

வயரிங் முடிந்ததும் மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகர் கொண்டு காப்புத் தடையைச் சோதிப்பர். பேஸும் நியூட்ரலும் ஒருபுறம், எர்த் மறுபுறம் என வைத்து அளக்கும்போது 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. புதிய வயரிங்கில் இது பல மடங்கு அதிகமாகவே இருக்கும். குறைவாக இருந்தால் எங்கோ கம்பியின் மேலுறை கிழிந்துள்ளது, அல்லது பூச்சு ஈரம் குழாய்க்குள் இறங்கியுள்ளது. மின்னணுக் கருவிகளைக் கழற்றிய பிறகே மெகரைச் சுழற்ற வேண்டும். இதன்பின் ஒவ்வொரு பாயின்டிலும் பேஸ் வலப்பக்கம் உள்ளதா, எர்த் தொடர்ச்சி உள்ளதா என்று பார்க்க வேண்டும். பத்து பாயின்டில் ஒன்பதைப் பார்த்துவிட்டு விடுவது வழக்கம். பிழை பெரும்பாலும் பார்க்காத அந்தப் பத்தாவதில் இருக்கும்.

கற்கும் வழி

தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீசியன் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அங்கே மரப்பலகையில் விளக்கு, இருவழிச் சுவிட்ச், சீரிஸ் டெஸ்ட் போர்டு என்று வரிசையாகப் பயிற்சி தருகின்றனர். படிப்பில்லாமல் களத்தில் வேலை கற்றவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. 21 வயது நிரம்பி, வயரிங் தொழிலில் 5 ஆண்டுச் செய்முறை அனுபவம் உள்ளவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். தமிழ்நாட்டில் மின் ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், மின்கம்பியாள் ஆகியோருக்கான உரிமங்களை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்திடுபவர் வீட்டை ஒருமுறையேனும் நேரில் பார்த்தாரா என்று வீட்டுக்காரர் கேட்பதில் தவறில்லை.

உரிமம் இல்லாதவர் வீட்டில் தாமே செய்துகொள்ளக் கூடியவை சிலவே: மெயினை நிறுத்திவிட்டுப் பல்பு மாற்றுவது, பிளக் முனையில் தளர்ந்த கம்பியை இறுக்குவது, ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்திப் பார்ப்பது, டி.பி.யில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுவது. யாருக்காவது மின்சாரம் பட்டு, அவர் கம்பியைப் பிடித்தபடி இருந்தால் வெறுங்கையால் இழுக்கக் கூடாது. மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.